பதினான்காம் கேள்வி

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில்
பதினான்காம் கேள்வி:
பிள்ளைக்கு எத்தனை சொற்கள் வரும்?

சாரங்கனுக்கு இரண்டு வயதும் ஒன்பது மாதமும்.
பூச்சியம் என்று எழுதிவிட்டு
அதன் வெறும் வயிற்றையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
துஷ்யந்தி பேனையைப் பறித்தாள்.
வெட்டினாள்.
"யோசிக்கிறோம்" என்று எழுதினாள்.

காது பார்த்தாயிற்று.
இடது செவிப்பறைக்குப் பின்னால்
பசைபோல நீர், வற்றும் என்றார்கள்.
வற்றியது.
சொல் வரவில்லை.

மெல்பேணிலிருந்து மாமி:
"அவையின்ர மூத்தவன் நாலு வயசிலதான் கதைச்சவன்,
இப்ப எஞ்சினியர்."
எல்லாக் குடும்பத்திலும்
அப்படியொரு எஞ்சினியர் இருக்கிறான்.
இரவு மூன்று மணிக்கு என் நெஞ்சில் ஓடும்
அந்தச் சத்தத்தை
அவனாலும் திருத்த முடியவில்லை.

இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்றார் யாரோ.
ஏழு மாதம்
பென்டில் ஹில் வீட்டில் தமிழை நிறுத்தினோம்.
சோற்றைக் குழைத்து ஊட்டிக்கொண்டே
"ஈட், ஈட்" என்றாள் அவள்.
கிடங்கு மேலாளரோடு பேசும் குரலில்
என் மகனை நான் கொஞ்சினேன்.
அந்த ஆங்கிலத்தில் எனக்குச்
செல்லமாகத் திட்டத் தெரியாது.
வீட்டில் பேச்சே குறைந்தது.
அவனுக்குக் கேட்கக் கிடைத்ததெல்லாம்
நாங்கள் சொல்லத் தெரியாமல் விட்டதன் மிச்சம்.

நாடீன் வந்தாள், பேச்சுப் பயிற்சியாளர்.
சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கார்ப்பெட்டில் அமர்ந்தாள்.
நாற்பது நிமிடம்
அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
அவன் போத்தல் மூடியை உருட்டினான்,
அவளும் உருட்டினாள்.
பிறகு என்னிடம் கேட்டாள்:
"கால்விரல் கதவில் இடித்தால்
வாயில் என்ன வரும்?"
"ஐயோ."
"அந்த மொழியிலேயே பேசுங்கள்.
என் அம்மா அரபியில் கத்தித்தான் என்னை வளர்த்தார்.
இரண்டு மொழி
எந்தப் பிள்ளையின் வாயையும் அடைத்ததில்லை."

இன்னொன்றும் சொன்னாள்:
ஏதாவது சொன்னால், பிறகு காத்திருங்கள்.
மனதுக்குள் ஐந்து வரை.

இரவு முழுக்க ஈஸ்டர்ன் கிரீக்கில்
பெட்டி எண்ணுகிறவன் நான்.
ஐந்து இவ்வளவு நீளம் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
மூன்றிலேயே உடைந்துவிடுவேன்.
"பாலா? தண்ணியா? காரா?"
அவன் வாய் திறக்கும் இடத்திலெல்லாம்
என் சொல்லைப் போட்டு அடைத்து வைத்திருந்தேன்,
இத்தனை நாளும்.

செவ்வாய்க்கிழமை காலை
சிவப்பு மூடித் தொட்டிகளைத் தூக்கிக் கவிழ்த்தபடி
குப்பை லொறி வரும்.
ஜன்னலுக்கு ஓடி
"க்ர்ர்ஹ" என்பான்.
தபால்காரனின் ஸ்கூட்டருக்கு அப்படிச் சொல்வதில்லை,
பக்கத்து வீட்டு நாய்க்கும் இல்லை.
நாடீன் எழுதிக்கொண்டாள்:
"ஒரே பொருளுக்கு எப்போதும் ஒரே ஒலி.
இது சொல்."

அன்றிரவு
தொலைந்த மூக்குத்தித் திருகாணியைத் தேடுவதுபோல
வீட்டைத் துழாவினோம்.
"ப்பா", தண்ணீருக்கு. எனக்கல்ல.
"ஊஊ", மின்விசிறிக்கும்
மரத்தை உலுப்பும் காற்றுக்கும்:
ஒன்றா, இரண்டா என்று சண்டை வந்தது.
கையை உயர்த்தி ஒரு "ம்",
தூக்கு என்று பொருள்.
நான் ஐந்து என்றேன்.
அவள் ஏழு என்று சத்தியம் செய்தாள்.

நேற்று விடியுமுன் வேலையால் வந்தேன்.
அவன் எழுந்து குசினி வாசலில் நின்றான்.
கோப்பையை நீட்டினேன்.
"பால்."
ஒன்று.
குளிர்பெட்டி உறுமியது.
இரண்டு. மூன்று.
வெளியே ஒரு மக்பை கத்தத் தொடங்கியது.
நான்கு.
ஐந்தும் முடிந்தது.
இன்னும் நின்றேன், ஏனென்று தெரியாமல்.

"ஏணாம்"

என்றான். கோப்பையைத் தட்டிவிட்டான்.
பால் தரையெங்கும்.

வேண்டாமாம், வேண்டாமாம் என்று
ஓடிப்போய்த் துஷ்யந்தியை எழுப்பினேன்.
கண் திறக்காமலே கேட்டாள்:
"என்ன வேண்டாமாம்?"

தெரியாது.
பாலாக இருக்கும்.
அல்லது முகத்துக்கு நேரே
குனிந்து எண்ணிக்கொண்டிருந்த
நான்.